மூன்று நிலைகள் போதுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

யூனிட்டி என்ற கேம் தயாரிப்பு மென்பொருளில் தனியாக ஒரு பிளாட்ஃபார்மர் (மேடைக்கு மேடை தாவும்) கேம் செய்கிறேன். எளிது, நடுத்தரம், கடினம் என்று மூன்று நிலைகள். எளிதில் எதிரிகளின் உயிர் பாதி. இது போதுமா? எளிய நிலை இருந்தால் கடினத்தில் ஜெயித்தவனின் பெருமை போய்விடாதா? கடினத்துக்குப் பேர்போன செகிரோ கேமில் எளிய நிலை எதுவும் இல்லையே?

கார்த்திக்

அன்புள்ள கார்த்திக்,

தனியாளாக கேம் செய்யும்போதும் தடுமாறுகிறவரை நினைத்தீர்களே, நல்ல மனசு. ஆனால் செய்தது அரைவேலை. ஜெயித்தவனின் பெருமையை அவனே பார்த்துக்கொள்வான். எளிய நிலை வேண்டுமா என்ற செகிரோ வாக்குவாதம் 2019-லிருந்து நடக்கிறது, அதை விடுங்கள்.

எதிரியின் உயிரைப் பாதியாக்கி யாருக்கு என்ன லாபம்? குழியைத் தாண்ட நேரத்துக்குப் பொத்தானை அழுத்த முடியாதவர் எதிரியிடம் போய்ச் சேரவே மாட்டார். விரல் நடுங்குபவருக்கும் காது கேளாதவருக்கும் ஒரே மாத்திரையா?

செலெஸ்ட் என்ற பிளாட்ஃபார்மரில் (2018) வேகக் குறைப்பு, தீராத ஸ்டாமினா (தெம்பு), சாகாமை எல்லாம் தனித்தனி உதவிகள்; வேண்டியதை மட்டும் போட்டுக்கொள்ளலாம். உதவியே கேட்காதவனுக்கும் அதில் சலுகை உண்டு: மேடை விளிம்பைத் தாண்டிய பிறகும் 0.1 நொடிவரை தாவல் பொத்தான் வேலை செய்யும். உங்கள் பெருமைக்காரன் அந்தக் கருணையில்தான் ஜெயித்தான்.

வேகம் ஒன்றையாவது வையுங்கள். டைம்ஸ்கேலை (கேமின் நேரம் ஓடும் வேகத்தை) 0.7 ஆக்கிவிட்டு எழுந்து போய்விடாதீர்கள். யூனிட்டியின் இயற்பியல் கணக்கு, நீங்கள் மாற்றாதவரை, நொடிக்கு 50 முறை ஓடும். 0.7-இல் அது 35. பாத்திரம் விக்கிவிக்கி நகரும். உடனே பலர் ஃபிக்ஸட் டெல்டா டைமையும் (இரண்டு இயற்பியல் கணக்குகளுக்கு இடையிலான நேரம்) குறைப்பார்கள். விக்கல் நிற்கும், தாவும் உயரம் பிசகும். முழு வேகத்தில் சோதித்த மேடைகளை மறுபடி சோதிக்க வேண்டும். ஃபிக்ஸட் டெல்டா டைமைத் தொடாமல், பாத்திரத்தின் ரிஜிட்பாடியில் (இயற்பியல் கணக்குக்கு உட்படுத்தும் உறுப்பு) இன்டர்போலேட்டைப் போடுங்கள்; அது கணக்குகளுக்கு இடைப்பட்ட நகர்வை நிரப்பிக் காட்டும்.

இதைவிட மோசம், பொத்தானை ஃபிக்ஸட் அப்டேட்டில் (இயற்பியல் கணக்கோடு ஓடும் நிரல்) படிப்பது. வேகம் குறையக் குறைய அழுத்தல்கள் தொலையும். யாருக்காகக் குறைத்தீர்களோ அவர் விரலைத்தான் கேம் கேட்காது! திரைப்படம் ஒவ்வொன்றுக்கும் ஓடும் அப்டேட்டில் படித்துக் குறித்துவைத்து, ஃபிக்ஸட் அப்டேட்டில் செலவழியுங்கள். சற்று முந்திவிட்ட அழுத்தலை நினைவில் வைக்க 0.1 நொடி கொடுத்தால், அதை கேமின் நேரத்திலேயே அளவிடுங்கள்; பாதி வேகத்தில் அது நிஜத்தில் 0.2 நொடியாக நீளும், அதுதான் வேண்டும். மெனு மட்டும் அன்ஸ்கேல்டு டைமில் (டைம்ஸ்கேல் தொடாத நிஜ நேரத்தில்) ஓடட்டும், இல்லாவிட்டால் கேமை இடைநிறுத்தியதும் உறைந்துவிடும்.

அந்த மெனுவில் 'முதல்முறை இதில்லாமல் ஆடுங்கள்' என்று உபதேசம் வேண்டாம். செலெஸ்ட்காரர்களே அப்படி எழுதிவிட்டுப் பிறகு எடுத்துவிட்டார்கள்.