கேள்வி – பதில்: கிமோனோவும் ஆணுறையும்

கேள்வி: ஜப்பானின் பழைய காமச் சித்திரங்களான ஷுங்காவை இன்றைய ஓவியர்கள் சிலர் எடுத்துக் கையாள்கிறார்களாமே? இரவல் கவர்ச்சிதானே அது?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: கவர்ச்சியைத் தேடி ஷுங்காவிடம் போகிறவர் ஏமாந்துதான் திரும்புவார். அதில் முழு நிர்வாணம் குறைவு. முக்கால்வாசிப் படத்தைத் துணியே அடைத்துக்கொள்ளும்: கிமோனோ என்கிற ஜப்பானிய அங்கியின் மடிப்பு, எட்டிப் பார்க்கும் சிவப்பு உள்ளாடை, கலைந்த படுக்கை. நடுவில் உறுப்புகளை மட்டும் நம்ப முடியாத அளவுக்குப் பெரிதாக வரைந்து வைத்திருப்பார்கள். மிச்ச இடத்தில் இருவரும் பேசுவதும் முனகுவதும் எழுத்தாக ஓடும். எனக்கு முதலில் வருவது சிரிப்புதான்.

அந்தச் சிரிப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டவர் ஓவியர் மசாமி தெராவோகா. 1936இல் ஜப்பானின் ஒனோமிச்சியில் பிறந்து, 1961இல் அமெரிக்கா போனவர். எழுபதுகளில், மெக்டொனால்ட்ஸ் ஹாம்பர்கர் ஜப்பானுக்குள் படையெடுப்பதை எடோ கால (17 முதல் 19ஆம் நூற்றாண்டு வரை) மர அச்சுப் படம் போலவே நீர்வண்ணத்தில் வரைந்து கிண்டலடித்தார். அப்புறம் எய்ட்ஸ் வந்தது. 1988இல் அவர் வரைந்த கெய்ஷா (ஆடல்பாடலால் விருந்தினரை மகிழ்விக்கும் ஜப்பானியப் பெண்) ஒருத்தி குளியலில் இருக்கிறாள். பழைய ஷுங்காவில் உணர்ச்சி மீறும்போது பெண் துணியைப் பல்லால் கடித்துக்கொள்வாள்; பல ஓவியர்களிடம் காணக்கூடிய பாவனை இது. தெராவோகாவின் கெய்ஷா பல்லால் கிழிப்பது ஆணுறைப் பொட்டலத்தை! கொண்டை முதல் விரல் நுனி வரை பழைய பாணியிலேயே இருப்பதால்தான் அந்தச் சின்னப் பொட்டலம் கண்ணில் குத்துகிறது. இதை இரவல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எல்லாரையும் இப்படிப் புகழ மாட்டேன். எடோ கால ஓவியர் ஹொகுசாய் 1814இல் வரைந்த, ஆக்டோபஸ்கள் தழுவிக் கிடக்கும் பெண்ணின் படம் உலகப் பிரசித்தம். இன்றைய ஓவியர் மகோதோ ஐதா 1993இல் அதைத் தழுவி, ஆக்டோபஸுக்குப் பதில் சினிமா அரக்கன் கிங் கிடோராவைக் கொண்டுவந்தார். கைத்திறமை அபாரம், சரி. ஆனால் அதிர்ச்சி தருகிற அளவுக்கு அது சிரிக்க வைக்கவில்லை.

கேள்வி: ஜப்பானியர்கள் இதையெல்லாம் பகிரங்கமாகப் பார்ப்பார்களா?
– ஒரு கல்லூரி மாணவர், திருச்சி

பதில்: 1722இலேயே அரசு தடை போட்டது, திருட்டுத்தனமாக அச்சடித்து விற்றார்கள். நம் காலத்திலும் தயக்கம் போகவில்லை. 2013இல் லண்டன் பிரிட்டிஷ் மியூசியம் பெரிய ஷுங்கா கண்காட்சி நடத்தியது. அதே போல ஜப்பானில் நடத்த இடம் கேட்டபோது பல அருங்காட்சியகங்கள் கையை விரித்தன. கடைசியில் 2015இல் டோக்கியோவின் எய்செய் புன்கோ என்ற சிறிய அருங்காட்சியகம் கதவைத் திறந்தது. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அனுமதி இல்லை. அப்படியும் மூன்று மாதத்தில் சுமார் இரண்டு லட்சம் பேர் வந்தார்கள், அதில் பெண்கள் ஏராளம்.