மகனுக்கு வாள்வீச்சு முகக்கவசம்: 350 நியூட்டன் போதுமா, பழையதை வாங்கலாமா?

பதினோரு வயது மகன் ஃபாயில் (எப்பே, சேபர் போல வாள்வீச்சில் ஒரு வகை) பயிற்சிக்குப் போகத் தொடங்கியிருக்கிறான். கடையில் 350 நியூட்டன், 1600 நியூட்டன் என்று இரண்டு விலையில் முகக்கவசம் காட்டுகிறார்கள். தெரிந்தவர் ஒருவர் தன் பிள்ளையின் பழையதைப் பாதி விலைக்குத் தருவதாகச் சொல்கிறார். எதை வாங்கலாம் என்பது உங்கள் கேள்வி.

என் மகள் சென்னையில் எட்டு ஆண்டுகளாக வாள் பிடிக்கிறாள். சில ஆண்டுகளாகப் போட்டிகளின்போது கருவிப் பரிசோதனை மேசையில் நானும் உட்காருகிறேன். அங்கே பெற்றோர்கள் அதிகம் ஏமாறுவது இந்த நியூட்டன் கணக்கில்தான்.

கடைக்காரர் சொல்லும் அந்த எண் பெரும்பாலும் கம்பி வலையைப் பற்றியது அன்று. தாடைக்குக் கீழே கழுத்தை மூடித் தொங்குகிறதே, பிப் என்ற துணி, அதைப் பற்றியது. ஒரு கூர்முனை அந்தத் துணியைத் துளைக்க எவ்வளவு விசை வேண்டும் என்று ஆய்வுக்கூடத்தில் அளந்து சொல்வது. 350 நியூட்டன் ஏறத்தாழ 36 கிலோ எடை அழுத்துவதற்குச் சமம். 1600 என்றால் 163 கிலோ. எஃப்ஐஇ எனப்படும் சர்வதேச வாள்வீச்சு சம்மேளனம் தன் போட்டிகளில் மேலாடைக்கு 800 கேட்கிறது, கழுத்துத் துணிக்கு அதைப்போல இரண்டு மடங்கு. தொண்டையில் எலும்புக் கூடு இல்லை, அவ்வளவுதான் காரணம். பயிற்சிக்கூடத்தில் தொடங்கும் சிறுவனுக்கு 350 தாராளமாகப் போதும். போட்டிக்குப் போகும்போது எது கட்டாயம் என்பது போட்டி அறிவிப்பிலேயே இருக்கும்; அதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

வலை வேறு கதை. அதன் கம்பி குறைந்தது 1 மில்லிமீட்டர் தடிமன் இருக்கவேண்டும், கண்ணிகளின் இடைவெளி 2.1 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. பரிசோதனை மேசையில் எங்களிடம் ஒரு பஞ்ச் இருக்கும். சுருள்வில் வைத்த கைப்பிடி, முனையில் மெல்லிய கூம்பு. கண்ணியில் வைத்து 12 கிலோ அழுத்தம் வரும்வரை தள்ளுவோம். நல்ல வலையாக இருந்தால் முனை மேலேயே நின்றுவிடும். கெட்டதாக இருந்தால் கம்பிகள் இரண்டும் விலகி வழிவிடும்; மேசைக்கு இந்தப் பக்கம் இருப்பவருக்கே வயிறு கலங்கும்.

என் வயிறு கலங்கியது என் மகளுடைய கவசத்தில். ஆரம்பத்தில் நானும் உங்களைப்போலத்தான் தெரிந்தவர் ஒருவரிடம் பழையதை வாங்கினேன். கறுப்பு வண்ணம் பளபளவென்று இருந்தது, முத்திரைகூட ஒட்டியிருந்தது. முதல் மாவட்டப் போட்டியில் பரிசோதகர் நெற்றிப் பக்கம் அழுத்தினார், ஒன்றும் இல்லை. பிறகு பிப்பைத் தூக்கி, தாடைக்கு அருகே வலை துணியோடு சேரும் இடத்தில் வைத்தார். பஞ்ச் உள்ளே போய்விட்டது. வியர்வை வழிந்து தேங்குவது அங்கேதான். வண்ணப் பூச்சுக்கு அடியில் கம்பி ஓசையில்லாமல் துருப்பிடித்து மெலிந்திருந்தது. அதே கவசத்தோடு அவள் நான்கு மாதம் பயிற்சி செய்திருக்கிறாள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒரே பெயர்: விளாடிமிர் ஸ்மிர்னோவ். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் ஃபாயில் தங்கம், 1981-ல் உலகச் சாம்பியன். சோவியத் அணிக்காக ஆடிய அவர் 1982 ஜூலையில் ரோம் நகரில் உலகச் சாம்பியன் போட்டியில் மேற்கு ஜெர்மனியின் மத்தியாஸ் பேர் (Behr) என்பவருடன் மோதினார். மத்தியாஸின் வாள் ஒடிந்தது. பாய்ந்து வந்த வேகத்தில் ஒடிந்த முனை வலையைத் துளைத்து, கண்குழி வழியாக மூளைக்குள் இறங்கியது. சில நாட்களில் ஸ்மிர்னோவ் இறந்துபோனார். மத்தியாஸ் மீது எந்தத் தவறும் இல்லை. ஆனாலும் அந்தச் சுமை அவரை விடவில்லை என்று அவரே பின்னாளில் பேசியிருக்கிறார். 1984 லாஸ் ஏஞ்சல்ஸில் அவர் வெள்ளி வென்றதைப் படிக்கும்போதெல்லாம் அந்தப் பதக்கத்தை அவர் எப்படி வாங்கிக்கொண்டிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

நாம் இன்று போடுகிற சட்டையும் கவசமும் வாளும் அந்தச் சம்பவத்துக்குப் பிறகு மாறியவை. கெவ்லார் போன்ற, எளிதில் துளைக்க முடியாத துணிகள் வந்தன, வலை விதிகள் இறுகின, ஃபாயிலுக்கும் எப்பேக்கும் மாரேஜிங் எஃகு வாள் வந்தது. அந்த எஃகில் விரிசல் மெதுவாகப் பரவும்; அதனால் ஒடிவது குறைவு. ஒடிந்தாலும் முனை மழுங்கலாக இருக்கும் என்று சில பயிற்சியாளர்களே சொல்வார்கள், நம்பாதீர்கள். ஒடிந்த எஃகு எதுவானாலும் கூர்தான். முழு வாளின் முனையில் பொத்தான் இருக்கிறது, அதற்காக இத்தனை கனத்த வலை தேவையில்லை. ஒடிந்த வாளை நினைத்துத்தான் வலை செய்கிறார்கள்.

ஒரு காலத்தில் கண் பகுதியில் பாலிகார்பனேட் தகடு வைத்த கவசம் வந்தது, தொலைக்காட்சியில் வீரரின் முகம் தெரியட்டும் என்று. ஃபாயில், எப்பே இரண்டிலும் அதைத் தடை செய்துவிட்டார்கள். பழைய பொருள் விற்பவர்களிடம் அது இன்னும் கிடக்கலாம், தொடாதீர்கள்.

சேபர் கவசமும் சேராது. சேபரில் தலையும் இலக்கு; அங்கே வாள் படுவதை மின்கருவி பதிவுசெய்ய அதன் வலையில் மின்சாரம் ஓடவேண்டும். ஃபாயில் வலைக்கோ உள்ளும் புறமும் மின்காப்புப் பூச்சு வேண்டும். பவானி தேவியைப் பார்த்துவிட்டு அதே மாதிரி வெள்ளிநிறக் கவசம்தான் வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடிப்பார்கள், அவர் சேபர் வீராங்கனை என்பதைச் சொல்லிப் புரியவையுங்கள். மின்கருவி வைத்து ஆடும் ஃபாயில் போட்டிக்கு பிப்பின் கீழ்ப்பகுதியில் உலோக இழைத் துணி இருக்கவேண்டும். அது இல்லாததை வாங்கினால் ஒரே ஆண்டில் மறுபடியும் செலவு.

பழையதை வாங்கலாமா என்றால், யாருடையது, எத்தனை வருடம் என்ற கதையைக் கேட்டு முடிவெடுக்காதீர்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். கண்ணி எல்லாம் ஒரே அளவாகத் தெரியவேண்டும். பள்ளம் இருந்தால், அதைத் தட்டி நிமிர்த்தியிருந்தாலும், வேண்டாம். பிப்பைத் தூக்கித் தாடைப் பகுதியை விரலால் தடவுங்கள், பழுப்புத் தூள் ஒட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எல்லாம் சரியாக இருந்தாலும் பயிற்சியாளரிடம் பஞ்ச் வைத்துச் சோதிக்கச் சொன்ன பிறகே பணம் கொடுங்கள். பின்பட்டை நைந்திருந்தால் மாற்றிக்கொள்ளலாம், அது பெரிய செலவில்லை.

வாங்கிய பிறகு செய்யவேண்டியது, நனைந்த சட்டையோடு பையில் திணிக்காமல் இருப்பது. எங்கள் ஊர்க் கடல்காற்றில் இரண்டு மழைக்காலம் போதும், வலை வீணாகிவிடும். பயிற்சி முடிந்ததும் துடைத்து மின்விசிறிக்குக் கீழே வையுங்கள். துணியை பிளீச்சில் ஊறவைக்கவேண்டாம், கெவ்லார் இழை இருந்தால் பலம் போய்விடும்; வெயிலில் காயப்போடுவதும் கூடாது.

இன்னொன்று, கடைக்குப் போகும்போது மகனையும் கூட்டிச் செல்லுங்கள். போட்டுவிட்டுத் தலையை வேகமாகக் கீழே ஆட்டச் சொல்லுங்கள், பிறகு பக்கவாட்டில். கவசம் நழுவினால் ஒரு அளவு சிறியதைக் கேளுங்கள். வளர்கிற பிள்ளை, பெரிதாகவே வாங்கிவிடலாம் என்று பள்ளிச் சீருடைக்குப் போடுகிற கணக்கை இதற்குப் போடவேண்டாம்.