பிளாஸ்மா நீர் யூரியாவுக்கு ஈடாகுமா?

கேள்வி: தக்காளி, மிளகாய் நாற்றங்காலில் ஆண்டுதோறும் நாற்றழுகல் வருகிறது. நீரின் மேல் மின்பொறி பாய்ச்சும் கருவியை விற்க வந்தவர், அந்த நீரில் விதையை ஊறவைத்தால் நோய் வராது, அதையே பாய்ச்சினால் யூரியாவும் வேண்டாம் என்கிறார். வாங்கலாமா ஐயா?
- ஒட்டன்சத்திரம் பகுதி விவசாயி

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம். நீர்ப்பரப்புக்குச் சற்று மேலே நிறுத்திய மின்முனைக்கும் நீருக்கும் இடையே உயர் மின்னழுத்தத்தில் பொறி பறக்கும்போது, காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் பிளந்து சேர்ந்து, நீரில் நைட்ரேட், நைட்ரைட், ஹைட்ரஜன் பெராக்சைடு ஆகியவை கலக்கின்றன; நீர் அமிலத்தன்மை அடைகிறது; இதையே பிளாஸ்மா நீர் என்கிறார்கள். மின்னல் வெட்டும்போது மழைநீரில் தழைச்சத்து (நைட்ரஜன்) சேர்வதும் இவ்வாறே என்பதால், விற்பவர் சொல்வது அடியோடு பொய்யன்று. ஆனால் அளவைப் பாருங்கள். லிட்டருக்கு 100 மில்லிகிராம் நைட்ரேட் உள்ள நீர் 1,000 லிட்டர் பாய்ச்சினாலும் கிடைக்கும் தழைச்சத்து ஏறத்தாழ 23 கிராம்தான், அதாவது 50 கிராம் யூரியாவில் உள்ள அளவு. 45 கிலோ மூட்டை ஒன்றுக்கு ஈடுகட்ட 9 லட்சம் லிட்டருக்கு மேல் தேவைப்படும். நார்வேயில் 1905 முதல் மின்வில்லை (தொடர்ந்து பாயும் மின்பொறியை) கொண்டு காற்றிலிருந்து உரம் எடுத்த பிர்க்லாண்ட்-எய்டே முறையே, மின்சாரத்தை அளவின்றி விழுங்கியதால் பின்னர் கைவிடப்பட்டது.

விதை நேர்த்தியைப் பொறுத்தவரை எனக்கு நம்பிக்கை உண்டு. விதையின் மேல் ஒட்டியுள்ள பூசண வித்துகள் குறைவதும், முளைப்பு விரைவுபடுவதும் ஆய்வகங்களில் காணப்பட்டுள்ளன. எனினும் நாற்றழுகலை உண்டாக்கும் பித்தியம் பூசணம் பெரும்பாலும் மண்ணில் இருந்துகொண்டு, முளைத்த நாற்றின் கழுத்துப் பகுதியைத் தாக்குவதால், விதையை மட்டும் கழுவிப் பயனில்லை. மேலும், ஆழ்துளைக் கிணற்று உப்பு நீரில் பைகார்பனேட் மிகுந்திருந்தால் உண்டாகும் அமிலத்தை அதுவே முறித்துவிடும். அமிலம் இல்லாவிடில் கிருமியைக் கொல்லும் திறனும் வெகுவாகக் குறையும்.

ஆகவே மேட்டுப்பாத்தி அமைத்து நீர் தேங்காமல் வடியவிடுங்கள்; நெருக்கமாக விதைக்காதீர்கள். கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து விதையுங்கள். பிளாஸ்மா நீரோடு இதைக் கலந்தால் அந்த நன்மை செய்யும் பூசணமும் சாகக்கூடும்.

விற்பவர் வற்புறுத்தினால், உங்கள் கிணற்று நீரிலேயே கருவியை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஒரே பையிலிருந்து நூறு நூறு விதைகளாக எடுத்து, ஒரு பங்கை அந்த நீரிலும் மறு பங்கை வெறும் கிணற்று நீரிலும் ஒரே நேரம் ஊறவைத்து, ஈரத்தாளில் பரப்பி, 14 நாளில் முளைத்தவற்றை எண்ணுங்கள். கருவி ஓடும்போது ஓசோனும் நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்களும் வெளிவரும். மூடிய அறையில் ஓட்டவிடாதீர்கள்.