எந்தப் படி?

கேள்வி: கல்லூரி ஐஸ் ஹாக்கி பயிற்சியாளராக இருந்து, 1980 ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்து, நியூயார்க் ரேஞ்சர்ஸ் என்ற தொழில்முறை அணி வரை உயர்ந்தவர் ஹெர்ப் புரூக்ஸ். அவர் 1986இல் பெயர் தெரியாத ஒரு கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தாரே, ஒரு மனிதர் இத்தனை படி இறங்கலாமா?

பதில்: படி என்றதும் உங்களுக்கு மாடிப்படி நினைவுக்கு வருகிறது. எனக்கு எங்கள் வீட்டு அரிசிப் பானைக்குள் கிடந்த இரும்புப் படி. எட்டு ஆழாக்கு போட்டால்தான் அது நிறையும். ஏழு போட்டுவிட்டு நிறைந்துவிட்டதாகச் சொன்னால் பாட்டி படியைக் குலுக்கிக் காட்டுவாள், அரிசி உள்ளே இறங்கிவிடும். பயிற்சியாளரை அளக்க அந்தப் படியைத்தான் எடுக்கவேண்டும்.

1972இல் மினசோட்டா பல்கலைக்கழக அணி தோற்றுத் துவண்டு கிடந்தபோது புரூக்ஸ் அதைக் கையில் எடுத்தார். தானே மாணவனாக ஆடிய அணி. இரண்டே ஆண்டில், 1974இல், அந்தப் பல்கலைக்கழகத்துக்கு முதல் தேசியப் பட்டம். பிறகு 1976, 1979 என்று இன்னும் இரண்டு. அதற்குப் பிறகுதான் ஒலிம்பிக் அணி அவரிடம் வந்தது.

சோவியத் அணியை 4-3 என்று வென்ற அந்த 1980 பிப்ரவரி 22 ஆட்டத்தைப் பற்றி எழுதுகிற எவரும் 'அதிசயம்' என்ற சொல்லை விடுவதில்லை. விளையாட்டுப் பக்கங்களில் அந்தச் சொல்லைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வருகிறது. இந்தப் பக்கத்திலேயே முன்பும் சண்டை போட்டிருக்கிறேன். உழைத்தவனின் வியர்வையைத் துடைத்து எடுத்துக்கொண்டு போய் வானத்தில் வைக்கிற சொல் அது.

என்ன நடந்தது என்று பாருங்கள். 1979 செப்டம்பரில் நார்வேயில் ஒரு பயிற்சி ஆட்டம். பையன்கள் ஏனோதானோவென்று ஆடி 3-3 என்று டிரா செய்தார்கள். ஆட்டம் முடிந்தும் புரூக்ஸ் ஒருவரையும் ஐஸை விட்டு வெளியே விடவில்லை. கோல் கோட்டிலிருந்து நீலக் கோடு வரை போய்த் திரும்பு. நடுவில் இருக்கும் சிவப்புக் கோடு வரை போய்த் திரும்பு. அடுத்த நீலக் கோடு, பிறகு எதிர்க் கோல் கோடு. மறுபடி முதலிலிருந்து. அரங்கில் விளக்கை அணைத்துவிட்டார்கள், இருட்டிலும் ஓடினார்கள். அந்த ஓட்டத்துக்கு வீரர்கள் 'ஹெர்பி' என்று அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். ஒலிம்பிக்குக்குச் சில நாள் முன்பு இதே சோவியத்திடம் 10-3 என்று அடி வாங்கிய அணி இது.

இப்போது அந்த வெற்றியைப் பிரித்துப் பாருங்கள். ஐஸ் ஹாக்கி இருபது நிமிடப் பகுதிகள் மூன்று கொண்ட ஆட்டம். சோவியத் ஆட்டத்தில் இரண்டு பகுதி முடிந்தபோது 3-2 என்று பின்தங்கியிருந்தார்கள். கடைசி இருபது நிமிடத்தில் இரண்டு கோல். தங்கத்தை முடிவு செய்த பின்லாந்து ஆட்டத்தில் 2-1 என்று பின்தங்கல். கடைசி இருபது நிமிடத்தில் மூன்று கோல். மற்றவர்களின் கால் தளர்ந்த நேரத்தில் இவர்களின் கால் தளரவில்லை. அந்தக் கால்களை இருட்டில் ஓடவிட்டுச் செய்தார் ஒரு கல்லூரி வாத்தியார். எட்டாவது ஆழாக்கு என்று நான் சொல்வது இதைத்தான்.

ரேஞ்சர்ஸ் அணி 1985இல் அவரை நீக்கியது. தொழில்முறை அணியில் வீரன் ஆளாகி முடிந்தபிறகு வருகிறான். நாலு ஆட்டம் தோற்றால் பயிற்சியாளர் வெளியே. கல்லூரியில் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன் வருகிறான், நாலு வருடம் கையில் இருக்கிறான். ஜெர்ரி யார்க் என்ற பயிற்சியாளர் கிளார்க்சன், பௌலிங் கிரீன், பாஸ்டன் கல்லூரி என்று மூன்று கல்லூரி அணிகளில் 1972 முதல் 2022 வரை ஐம்பது ஆண்டு இந்தப் பையன்களோடே இருந்தார். ஐந்து தேசியப் பட்டம், 1,123 வெற்றி. அந்த மனிதர் எந்த மாடியில் நின்றார் என்று நான் எதற்குக் கேட்கவேண்டும்?

புரூக்ஸ் போன கல்லூரி செயின்ட் கிளவுட் ஸ்டேட். போகச் சொன்னவர் ஜான் மாரியூச்சி, மாணவப் பருவத்தில் புரூக்ஸுக்கே பயிற்சி கொடுத்தவர். குரு கேட்டார், சீடன் போனான். கல்லூரி ஹாக்கியின் கீழ்த்தட்டான மூன்றாம் டிவிஷனில் கிடந்த அணி, அவர் இருந்த அந்த ஒரே பருவத்துக்குப் பிறகு முதல் டிவிஷனுக்கு வந்தது. புது ஐஸ் அரங்கு வேண்டும் என்று அவர் வாதாடினார், 1989இல் அது திறந்தது. 2003 ஆகஸ்டில் கார் விபத்தில் அவர் இறந்தார். 2021இல் செயின்ட் கிளவுட் தேசிய இறுதி ஆட்டம் வரை வந்து மாசசூசெட்ஸிடம் 5-0 என்று தோற்றது.

பெயர் தெரியாத கல்லூரி என்றீர்கள். அந்த அரங்கின் வாசலில் இன்று இருப்பது ஹெர்ப் புரூக்ஸ் பெயர்.