மெதுவாகும் லினக்ஸ் கணினி: சுங்கை சிப்புட் வாசகர்கள் கேள்வி பதில்

கல்லூரி மாணவர்: அண்ணே, என் மடிக்கணினியில் 8 ஜிபி ராம். 'ஃப்ரீ' கட்டளை கொடுத்தால் 300 எம்பிதான் மிச்சம் என்று காட்டுகிறது. கடையில் ராம் கூட்டச் சொல்கிறார்கள்.

தம்பி, இப்போதைக்குக் காசை எடுக்காதீங்க. சும்மா கிடக்கும் ராமில், ஏற்கெனவே படித்த கோப்புகளை லினக்ஸ் இயங்குதளம் வைத்துக்கொள்ளும், நிரல் ஏதாவது இடம் கேட்டால் உடனே விட்டுக்கொடுத்துவிடும். அதனால் 'ஃப்ரீ' என்ற எண்ணை விட்டுவிட்டு, கடைசியில் இருக்கும் 'அவைலபிள்' எண்ணைப் பாருங்க. அதில் 3, 4 ஜிபி இருந்தால் ராமில் குறையே இல்லை. சந்தேகம் தீரவில்லையா, வேலை நடக்கும்போதே 'விஎம்ஸ்டாட் 1' ஓட விட்டு ராமுக்கும் டிஸ்குக்கும் நடுவில் தகவல் இடம் மாறும் அளவைக் காட்டும் 'எஸ்ஐ', 'எஸ்ஓ' இரண்டையும் கவனிங்க. அவை விடாமல் பூஜ்யத்துக்கு மேலேயே இருந்தால்தான் ராம் போதவில்லை என்று அர்த்தம்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியை: பள்ளியில் பழைய மடிக்கணினிகளுக்கு லினக்ஸ் போட்டோம். காலையில் நன்றாக ஓடுகிறது, மதியம் ஆனால் இழுக்கிறது.

டீச்சர், முதலில் சூட்டைப் பாருங்க. வெப்பநிலையைக் காட்டும் 'எல்எம்-சென்சார்ஸ்' நிரலை நிறுவி, 'சென்சார்ஸ்-டிடெக்ட்' ஒருமுறை ஓட்டிவிட்டு, 'வாட்ச் சென்சார்ஸ்' என்று கொடுத்தால் 2 நொடிக்கு ஒருமுறை வெப்பநிலை மாறுவது தெரியும். பல இன்டெல் புரோசசர்களுக்கு 100 டிகிரி எல்லை, அதே வரியில் 'கிரிட்' என்று போட்டிருக்கும். அதை நெருங்கினால் சிப் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், நீங்கள் சொல்லும் இழுவை இதுவாக இருக்கலாம். உறுதிசெய்யவும் வழி உண்டு: இன்டெல் என்றால் 'சிஸ்' கோப்புறையில் ஒவ்வொரு சிபியுவின் கீழும் 'தெர்மல் த்ராட்டில்' என்று ஒன்று இருக்கும், சூட்டால் எத்தனை முறை வேகம் குறைந்தது என்ற கணக்கு அதில் ஏறும். காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்று எழுதிவைத்து ஒப்பிடுங்க.

எண் ஏறியிருந்தால் கணினியை அணைத்து, பேட்டரியைக் கழற்றிவிட்டு, அடிமூடியைத் திறங்க. விசிறிக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவில் தூசி கம்பளித் துண்டு போலப் படிந்திருக்கும். வெளியிலிருந்து ஊதினால் அது உள்ளேதான் போகும், இடுக்கியால் எடுங்க, விசிறி சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்க. அப்புறம் சிப்பின் மேல் காய்ந்துபோன, சூட்டைக் கடத்தும் பேஸ்டைத் துடைத்துப் புதிதாகத் தடவினால் சரி.

செம்பனை ஆலை எடைமேடை ஊழியர்: லோட் ஆவரேஜ் 6 காட்டுது, ஆனால் சிபியு 5 சதவீதம்கூட இல்லை. எப்படிங்க?

லினக்ஸில் லோட் என்பது சிபியுவுக்காகக் காத்திருக்கும் வேலைகளை மட்டும் எண்ணுவதில்லை, டிஸ்க் பதிலுக்காக மாட்டிக்கொண்டு நிற்பவற்றையும் சேர்த்தே எண்ணும். ஓடும் நிரல்களைப் பட்டியலிடும் 'ஹெச்டாப்'பில் 'எஸ்' என்ற நிலைப் பத்தியில் 'டி' எழுத்து போட்ட வரிகள் அதிகம் இருக்கிறதா பாருங்க. இருந்தால் என் சந்தேகம் ஹார்ட் டிஸ்க் மேல்தான். எடைச்சீட்டுக் கணக்கெல்லாம் அதிலேதானே இருக்கு, அதனால் சோதனையை ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே வேறு டிஸ்கில் நகல் எடுத்துவிடுங்க, இதைத் தயவுசெய்து தள்ளிப்போடாதீங்க. பிறகு டிஸ்கின் நிலையைச் சொல்லும் 'ஸ்மார்ட்சிடிஎல்' போட்டு, 5, 197 என்று தொடங்கும் வரிகளின் கடைசி எண்ணைப் பாருங்க. 5 என்பது கெட்டுப்போய் மாற்றப்பட்ட பகுதிகள், 197 என்பது படிக்க முடியாமல் நிற்பவை. இவை நாளுக்கு நாள் ஏறினால், மேலே 'பாஸ்டு' என்று வந்தாலும் நம்பாமல் டிஸ்கை மாற்றுங்க. 199 மட்டும் ஏறினால் பெரும்பாலும் கேபிள்தான், அதை மாற்றினாலே போதும்.

இணைய மையம் நடத்துபவர்: சாயங்காலம் இடி இடிக்கும்போது ஒரு கணினி தானாக அணைந்துவிடுகிறது. மின்சாரமா, சூடா?

மறுபடி ஆன் செய்ததும் 'ஜர்னல்சிடிஎல் -பி -1' கொடுத்து, அணைவதற்கு முந்தைய பதிவின் கடைசி வரிகளைப் படிங்க. சூடு தாங்காமல் லினக்ஸே அணைத்திருந்தால் வெப்பநிலை பற்றிய செய்தி பெரும்பாலும் இருக்கும். எந்த அறிகுறியும் இல்லாமல் பாதியில் அறுந்து நின்றால் பெரும்பாலும் மின்சாரம் அல்லது பவர் சப்ளை. அதே நேரம் பக்கத்துக் கணினிகளும் அணைகின்றனவா பாருங்க. இது ஒன்று மட்டும் அணைந்தால், பவர் சப்ளையை மாற்றிப் பாருங்க.