ஏழாவது பாட்டு: கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

வணக்கம். கேட்ட பாட்டுகளைக் கேசட்டில் பதிந்து தரும் உங்கள் ஊர் ரெக்கார்டிங் கடையில் பாட்டு லிஸ்ட் கொடுத்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருந்ததைப் பற்றிப் போன மாதம் எழுதியிருந்தீர்கள். அதைப் படித்த பிறகுதான் இதை உங்களிடம் கேட்கலாம் என்று தோன்றியது.

அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. வெள்ளையடிப்பதற்காகப் பரணைக் காலி செய்தபோது ஒரு தகரப் பெட்டி இறங்கியது. திறந்தால் கேசட். எண்ணிப் பார்த்தேன், 140. பெரும்பாலும் கடையில் கொடுத்துப் பதிந்தவை. நாற்பது போலக் கம்பெனி கேசட்டுகள், அதில் பக்திப் பாட்டுகள்தான் அதிகம்.

"இதுல இருக்கற எல்லாப் பாட்டும் போன்ல இருக்கு, பேப்பர்காரருக்குப் போட்டுடலாம்" என்கிறார் என் கணவர். பத்துப் பாட்டுகளைத் தேடிப் பார்த்தேன். பத்தும் வந்தது. ஆனாலும் தூக்கிப்போடக் கை வரவில்லை. பெங்களூரில் இருக்கும் அண்ணன் மகனோ எல்.பி. ரெக்கார்டாக, அந்தப் பெரிய இசைத்தட்டுகளாக, வாங்கிக் குவிக்கிறான். பழைய ஒலிதான் உண்மையான ஒலி, ஒன்றையும் தொடாதீர்கள் என்கிறான். யார் சொல்வதைக் கேட்பது?

இன்னொன்று. அட்டைகளில் பாட்டுகளை அப்பாவே வரிசையாக எழுதியிருக்கிறார். பல அட்டைகளில் பக்கத்தின் கடைசி வரியில் ஒரு பாட்டை எழுதி, பிறகு அடித்திருக்கிறார். பிடிக்காத பாட்டு என்றால் எழுதியே இருக்க மாட்டாரே? அம்மாவுக்கும் தெரியவில்லை.

சு.,
நாமக்கல்

அன்புள்ள சு.,

உங்கள் கணவர் சொல்வதில் முக்கால்வாசி சரி. அந்த முக்காலை முதலில் ஒத்துக்கொண்டுவிடுகிறேன், அப்புறம் மீதிக் காலுக்கு வருகிறேன்.

பாட்டு கேட்பதற்காக அந்தப் பெட்டியை வைத்துக்கொள்ள வேண்டியதே இல்லை. கேசட் பாட்டுக்காகப் பிறந்த பொருளும் இல்லை. பிலிப்ஸ் கம்பெனி 1963-ல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் அதை வெளியிட்டபோது, பேச்சைப் பதிந்துகொள்ள, ஆபீஸில் கடிதம் சொல்லிப் பதிய என்றுதான் நினைத்திருந்தார்கள். அந்தக் குழுவின் தலைவர் லூ ஒட்டென்ஸ். கோட்டுப் பையில் அடங்குகிற மாதிரி ஒரு மரக்கட்டையைச் செய்து வைத்துக்கொண்டு, இந்த அளவுக்குள் செய்யுங்கள் என்றாராம். பையில் அடங்க வேண்டுமென்றால் நாடா ஒல்லியாக இருக்க வேண்டும், மெதுவாக ஓட வேண்டும். அகலம் 3.81 மில்லிமீட்டர்தான். அதற்குள் இந்தப் பக்கத்துக்கு இரண்டு, அந்தப் பக்கத்துக்கு இரண்டு என்று நான்கு தடங்கள். வேகம் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர். பாட்டைப் பதிந்த ஸ்டூடியோவில் ஸ்பூல் நாடா நொடிக்கு 38 சென்டிமீட்டர் ஓடியிருக்கும், அதாவது எட்டு மடங்கு. இவ்வளவு ஒல்லியான தடத்தில் இவ்வளவு மெதுவாக ஊர்ந்தால் பாட்டோடு ஸ்ஸ்ஸ் என்ற இரைச்சலும் சேர்ந்துதான் வரும்.

அதுவும் நம்மிடம் வந்தது எப்படி? கடைக்காரர் எல்.பி.யிலிருந்து ஒரு கேசட்டில் பதிவார். அதை நண்பனிடம் இரவல் வாங்கி, இரண்டு கேசட் போடுகிற இரட்டை டெக் செட்டில் போட்டு நாம் ஒன்று எடுப்போம். அதிலிருந்து மச்சான் ஒன்று எடுப்பார். ஒவ்வொரு கைக்கும் இரைச்சல் ஒரு பங்கு கூடும், ஜால்ராவும் வயலினும் ஒரு பங்கு மங்கும். இன்றைக்கு இந்த மங்கலுக்கு ‘வார்ம்’, அதாவது இதமான ஒலி, என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நாடாவை உரசிப் படிக்கும் முனைக்கு ஹெட் என்று பெயர், அதில் அழுக்கு படிந்தாலும் ஒலி இப்படித்தான் மங்கும். எங்கள் ஊரில் அதற்குப் பெயர் "ஹெட்டைத் தொடைடா".

எங்கள் கடைக்காரரின் டெக் கொஞ்சம் மெதுவாக ஓடும் டெக் என்பது எனக்கு முப்பது வருடம் கழித்துத்தான் தெரிந்தது. மெதுவாக ஓடிய டெக்கில் பதிந்ததைச் சரியான வேகத்தில் போட்டால் பாட்டு விரைந்து வரும், சுதியும் ஏறும். அந்தக் கேசட்டில் கேட்ட பாட்டுகளெல்லாம் எனக்கு அரை சுதி கூடுதலாகத்தான் மனப்பாடம். போனில் அசலைக் கேட்டால் பாடகருக்கு உடம்பு சரியில்லையோ என்று இருக்கிறது. இது எனக்குப் பிடித்த விஷயம்தான், ஆனால் இதை உண்மையான ஒலி என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அண்ணன் மகனை விட்டுவிடுங்கள். அமெரிக்காவில் 2022-ல் 4.1 கோடி எல்.பி.யும் 3.3 கோடி சி.டி.யும் விற்றன. 1987-க்குப் பிறகு எல்.பி. முந்தியது அப்போதுதான். பெரிய அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பக்கம் முழுக்க உட்கார்ந்து கேட்பது நல்ல பொழுதுபோக்கு. அவன் சம்பளம், அவன் அலமாரி. உங்கள் பெட்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சரி, மீதிக் கால். பெட்டியில் பாட்டு அல்லாதது என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

முதலில் அந்த நாற்பது கம்பெனி கேசட்டுகளை எடுங்கள். ஆச்சரியமாக இருக்கலாம், எல்லாரும் முதலில் தூக்கிப்போடுவது அதைத்தான். ஒவ்வொன்றையும் திருப்பி முதுகைப் பாருங்கள். இரண்டு ஓரத்திலும் சின்னச் சதுரக் குழி இருக்கும். வெற்று கேசட்டில் அந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாக்கு இருக்கும். அதை உடைத்துவிட்டால் ரெக்கார்ட் பட்டன் அமுங்காது, தவறிப்போய் அழியாது. கம்பெனி கேசட் வரும்போதே அந்தக் குழி திறந்துதான் இருக்கும். அந்தக் குழியின் மேல் யாராவது செல்லோடேப் ஒட்டியிருந்தால், அல்லது காகிதத்தைச் சுருட்டித் திணித்திருந்தால், அதைத் தனியாக எடுத்து வையுங்கள். வெற்று கேசட் கைவசம் இல்லாத ஒரு நாளில் சுப்ரபாதத்தின் மேல் யாரோ எதையோ அவசரமாகப் பதிந்திருக்கிறார்கள். அவசரத்தில் சினிமாப் பாட்டையும் பதிந்திருக்கலாம். ஆனால் குழந்தை முதன்முதலில் பாடியது, வளைகாப்பில் பெண்கள் பாடியது, வெளிநாட்டிலிருந்து வந்த ஆள் பேசிக் கொடுத்தது எல்லாம் பெரும்பாலும் இப்படித்தான் மாட்டியிருக்கும்.

எங்கள் வீட்டில் நடந்தது இதற்கு நேர் எதிர். சித்தப்பா ஊருக்கு வந்தபோது எங்கள் ஆச்சியை உட்காரவைத்துத் தாலாட்டு, ஒப்பாரி, நடுவே மருமகள்களைப் பற்றிய குறை என்று ஒரு பக்கம் முழுக்கப் பதிந்து வைத்திருந்தார். நாக்கை உடைக்கவில்லை. எனக்குப் பதினைந்து வயது. ரேடியோவில் நல்ல பாட்டு வரிசை ஓடிக்கொண்டிருக்கிறது, கையில் கிடைத்த கேசட்டைப் போட்டு இரண்டு பட்டனையும் சேர்த்து அமுக்கிவிட்டேன். ரெக்கார்ட் ஆகும்போது நாடா முதலில் அழிக்கும் ஹெட்டைத் தாண்டித்தான் பதியும் ஹெட்டுக்கு வரும், அதனால் அடியில் எதுவும் மிஞ்சாது. நாடா முடிய இன்னும் கொஞ்சம் இருக்கும்போதே நிகழ்ச்சி முடிந்துவிட்டதால், வாலில் ஒரு பத்துப் பன்னிரண்டு நொடி தப்பியது. "போதும்டா, தொண்ட வறளுது" என்கிறாள். அதன் மேல் பதிந்த ஆறு பாட்டும் இன்றைக்குப் போனில் இருக்கிறது.

ரேடியோவிலிருந்து பிடித்தவை இருந்தால் அவற்றையும் எடுத்து வையுங்கள். இலங்கை வானொலியில் கே.எஸ். ராஜாவும் பி.எச். அப்துல் ஹமீதும் பேசியதைக் கேட்கவே காத்திருந்த காலத்தில், பதியும்போது மட்டும் அறிவிப்பாளர் வாயைத் திறந்ததும் பாஸ் பட்டனை அமுக்கும் விரல் வேகம் எங்கள் எல்லாருக்கும் இருந்தது. பாட்டுதான் சுத்தமாக வேண்டும். இப்போது அந்தக் கேசட்டுகளைப் போட்டால், விரல் அரை நொடி தாமதித்த இடங்களில்தான் காதைத் தீட்டிக்கொள்கிறேன்.

போட்டுக் கேட்பதற்கு முன் கொஞ்சம் பொறுமை வேண்டும். ஆன்லைனில் கிடைக்கும் மலிவான பிளேயர்களை வாங்காதீர்கள், பாட்டு ஊஞ்சலாடும். சொந்தக்காரர் வீட்டில் ஒரு நல்ல பழைய டெக் தூங்கிக்கொண்டிருக்கும், அதைக் கேட்டு வாங்குங்கள். ஹெட்டையும் ரப்பர் உருளையையும் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். பஞ்சு பழுப்பாக வரும், அது நாடாவிலிருந்து உதிர்ந்த இரும்புத் துகள். கேசட்டின் வாய்ப்பக்கம் நடுவில், சின்னச் செம்புத் தகட்டின் மேல் ஒரு கம்பளித் துண்டு இருக்கிறதா என்று பாருங்கள். பசை காய்ந்து அது விழுந்திருந்தால் ஒலி கிணற்றுக்குள்ளிருந்து வரும். நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் அந்தக் கேசட்டை டெக்கில் போடவே போடாதீர்கள், அடுத்து போடுவதற்கெல்லாம் தொற்றும். மற்றவற்றை அறுகோணப் பென்சிலால் கொஞ்சம் சுற்றிப் பார்த்து, இறுக்கமில்லை என்றால் ஒரு தடவை கடைசி வரை ஓட்டி, திருப்பிக் கொண்டுவந்து, அப்புறம் கேளுங்கள். கேசட்டின் மேல் 120 (நிமிடம்) என்று போட்டிருந்தால் அதையும் செய்யாதீர்கள். அந்த நாடா மிக மெல்லிசு, இழுத்தால் சுற்றிக்கொள்ளும். அறுந்தால் செல்லோடேப் வேண்டாம், அதன் பசை கசிந்து அடுத்த சுற்றோடு ஒட்டும். நாடா ஒட்டுவதற்கென்றே தனி டேப் இருக்கிறது.

ஹெட்டின் பக்கத்தில் ஒரு குட்டி ஸ்க்ரூ இருக்கும். கேசட் ஓடும்போதே அதை இம்மி இம்மியாகத் திருப்பினால் ஓரிடத்தில் ஜால்ரா பளிச்சென்று திறக்கும். பதிந்த டெக்கின் ஹெட் என்ன கோணத்தில் இருந்ததோ அந்தக் கோணம் அது. ஒவ்வொரு கடைக்கும் கோணம் மாறும். நான் இது தெரியாமல் இரண்டு வருடம் மங்கலாகவே கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்தேன். பதிய அடாசிட்டி என்கிற கம்ப்யூட்டர் மென்பொருள் போதும், இலவசம். ஒரு மணி நேரக் கேசட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகும், குறுக்கு வழி கிடையாது. சுருக்காத கோப்பாக வைத்தால் மணிக்கு 635 எம்.பி. போல வரும். 140-ஐயும் ஏற்றுவேன் என்று கிளம்பினால் பத்தாவதில் கைவிடுவீர்கள். தனியாக எடுத்து வைத்ததை மட்டும் ஏற்றுங்கள். மீதியைக் கணவர் இஷ்டத்துக்கு விட்டுவிடலாம், ஆனால் அட்டைகளை மட்டும் உருவிக்கொள்ளுங்கள். அப்பா எழுதியது அதில்தானே இருக்கிறது.

இப்போது அந்த அடித்த பாட்டு.

ரெக்கார்டிங் கடை எப்படி நடந்தது என்று முழுதாகச் சொல்லவில்லை போலிருக்கிறது. கண்ணாடி கவுண்டர். பின்னால் சுவர் முழுக்க எல்.பி. காதில் ஹெட்போன் மாட்டிய ஒருவர், முன்னால் ஒரு நீள நோட்டு. சட்டப்படி பார்த்தால் அவருக்கு அந்தப் பாட்டுகளைப் பதிந்து விற்க எந்த உரிமையும் இல்லை. இந்த மாதிரித் திருட்டுப் பதிவுகளுக்காகவே பதிப்புரிமைச் சட்டத்தில் 1984-ல் தண்டனையைக் கூட்டினார்கள். எங்களுக்கு அதெல்லாம் தெரியாது. எங்களுக்கு அவர் பாட்டு வாத்தியார். லிஸ்ட்டைக் கொடுத்தால் மேலிருந்து கீழே படிப்பார். "சோகப் பாட்டு ரெண்டு பக்கத்துல பக்கத்துல வருதே, நடுவுல ஒண்ணு மாத்திப் போடட்டா?" என்பார். மாற்றிப் போட்டால் நன்றாகத்தான் இருக்கும்.

அப்புறம் கணக்கு. 60 கேசட் என்றால் பக்கத்துக்கு 30 நிமிடம், கிட்டத்தட்ட 86 மீட்டர் நாடா. நம் சினிமாப் பாட்டு நாலரை நிமிடம் என்று வையுங்கள். ஆறு பாட்டு 27 நிமிடம். ஏழாவது பாட்டுக்கு மூன்று நிமிடம்தான் மிச்சம். லிஸ்ட் எழுதும் எல்லாரும் ஏழாக எழுதிக்கொண்டு போவோம், ஒருவேளை சின்னப் பாட்டாக அமைந்து இடம் கிடைக்காதா என்ற ஆசையில். கடைக்காரர் எல்.பி. லேபிளில் போட்டிருக்கும் நேரத்தை நோட்டில் கூட்டிப் பார்த்துவிட்டு, பேனாவை எடுத்து ஏழாவதை அடிப்பார். கோபக்கார ஆளாக இருந்தால் அடிக்காமலே பதிந்துவிடுவார். இரண்டாவது சரணம் ஆரம்பித்ததும் டக்கென்று நாடா நின்றுவிடும். உங்கள் அப்பா நல்ல கடையாகப் பார்த்துக் கொடுத்திருக்கிறார்.

அடிபட்ட பாட்டை யாரும் விட்டுவிட மாட்டார்கள். முதல் பக்கத்தில் அடித்தது இரண்டாம் பக்கத்தின் முதல் வரியில் ஏறியிருக்கும். இரண்டாம் பக்கத்தில் அடித்தது அடுத்த மாதம் வாங்கிய கேசட்டில் முதல் பாட்டாக வந்திருக்கும். அட்டைகளைத் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு தேடிப் பாருங்கள். தேதி போடாத கேசட்டுகளையும் எதற்குப் பிறகு எது வாங்கினார் என்று இப்படியே கோத்துக்கொண்டு போகலாம். எங்காவது ஓரிடத்தில் அடித்த பாட்டு எந்த அட்டையிலும் முதலாவதாக வரவில்லையென்றால், நடுவில் ஒரு கேசட் குறைகிறது. யாரோ இரவல் வாங்கிக்கொண்டு போனவர்தான். அம்மாவிடம் கேளுங்கள். அவர்களுக்கு அந்த ஆளின் பெயர் இன்னும் ஞாபகம் இருக்கும்.