உலாவிக்கு நினைவக வரம்பு

கேள்வி: மதுரை மேலமாசி வீதியில் அழைப்பிதழ் வடிவமைக்கும் கடை நடத்துகிறேன். முகூர்த்த மாதங்களில் வேலை குவியும்போது, 4 ஜிபி நினைவகமுள்ள டெபியன் லினக்ஸ் கணினியில் உலாவி பெருத்து, மற்ற அனைத்தும் உறைந்துவிடுகின்றன. அதற்கு வரம்பு வைக்க இயலுமா?
- வாசகர், மதுரை

பதில்: இயலும், ஆனால் அளக்காமல் வரம்பு வைக்காதீர்கள். வேலைநாள் முழுவதும், இயங்கும் நிரல்களைப் பட்டியலிடும் ஹெச்டாப் கருவியில் ‘ரெஸ்’ பத்தியைக் கவனியுங்கள். செயல்முறை, அதாவது இயங்கிக்கொண்டிருக்கும் நிரல், உண்மையில் பிடித்திருக்கும் நினைவகம் அதுவே. ‘விர்ட்’ என்பது அது தனக்கென ஒதுக்கிவைத்த முகவரிவெளியின் அளவு மட்டுமே, முழுவதும் நினைவகத்தில் இருப்பதில்லை என்பதால், அந்தப் பெரிய எண்ணைக் கண்டு அஞ்ச வேண்டாம்.

பலர் பரிந்துரைக்கும், வரம்பு வைக்கும் கட்டளையான யூலிமிட் இங்கே உதவாது. அதன் நினைவக வரம்பு ஒவ்வொரு செயல்முறைக்கும் தனித்தனியானது, இன்றைய உலாவியோ பல செயல்முறைகளாகப் பிரிந்து இயங்குவது. அவற்றை ஒரே குழுவாக அடக்குவது லினக்ஸின் மையமான கருவிலுள்ள (கெர்னல்) சிகுரூப் வசதி. அந்தக் குழுவை அமைத்துத் தரும் சிஸ்டம்டி-ரன் கட்டளை வழியே உலாவியைத் தொடங்கி, வழக்கமான பயன்பாட்டைவிடச் சற்றுக் கூடுதலான அளவை ‘மெமரிஹை’ மதிப்பாகக் கொடுங்கள். அதைத் தாண்டும்போது உலாவி மந்தமாகுமே தவிர மூடப்படாது. அதே கட்டளையில் தரும் உச்ச வரம்பான ‘மெமரிமேக்ஸ்’ மதிப்பை எட்டி, நினைவகத்தை மீட்கவும் வழியில்லாதபோது, கரு அக்குழுவின் செயல்முறையைக் கொன்றுவிடும். ஆகவே அதை இன்னும் உயரத்தில் வையுங்கள். குழுவின் மொத்தப் பயன்பாட்டைச் சிஸ்டம்டி-சிஜிடாப் கட்டளை காட்டும்.

ஏற்கெனவே திறந்திருக்கும் உலாவியை முழுவதும் மூடிவிட்டே இவ்வாறு தொடங்குங்கள். இல்லையெனில் புதிய சாளரம் பழைய செயல்முறையிடமே போய்ச் சேர்ந்து, வரம்புக்கு வெளியே இயங்கும்.